36 பந்தயமா, 3 சுத்தா?

மொதல்லயே சொல்லிடறேன். இது கிரிக்கெட் பதிவு இல்லை, சினிமா விமர்சனமும் இல்லை. கார் பந்தயம். அதுவும் ஃபார்முலா ஒன் இல்லை. "வட்டமா சுத்திச் சுத்தி வர்றதுல என்னய்யா இருக்கு"ன்னு நம்மாளுங்க சிரிக்கிற அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம், நாஸ்கார். புனேல உக்காந்துக்கிட்டு இவனுக்கு இது எதுக்குன்னு நினைக்கிறவங்க, ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க. பதிவு கொஞ்சம் நீளம். ஆனா விஷயம் கார் மட்டும் இல்லை.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். வருஷம் முழுக்க நடக்கிற போட்டிக்கு வருஷம் முழுக்கக் கூட்டிப் பாத்துத்தான் பட்டம் குடுக்கணும். நடுவுல ஸ்லேட்டை அழிச்சுட்டு "எல்லாரும் இங்கேருந்து ஆரம்பிங்க"ன்னு சொல்றது நியாயமும் இல்லை, சுவாரசியத்துக்கு அது தேவையும் இல்லை.

நாஸ்காருக்கும் நமக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்டா, ஒண்ணு இருக்கு. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010ல அங்க ட்ரக் சீரிஸ்ல ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில்ல ஓட்டின முதல் பந்தயத்துலயே 13வது இடம். அந்த வருஷம் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு ட்ரக் சீரிஸோட ரொம்பப் பிரபலமான டிரைவர் பட்டத்தை அவருக்குத்தான் குடுத்தாங்க. ஓட்டு எங்கேருந்து குவிஞ்சிருக்கும்னு நான் சொல்லணுமா? :) என்னைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. ரொம்ப வருஷமா எங்க ப்ராஜெக்டோட கிளையண்ட் வட கரோலினா சார்லட்காரங்க. நாஸ்கார் டீம்ல முக்காவாசி அந்த ஊரைச் சுத்தித்தான் இருக்கு. திங்கட்கிழமை சாயங்காலம் கால் ஆரம்பிச்சா முதல் பத்து நிமிஷம் பந்தயப் பேச்சுதான். கேட்டுக் கேட்டு நானும் பாக்க ஆரம்பிச்சேன், பாத்துப் பாத்து இப்ப அவங்ககிட்டயே சண்டை போடறேன்.

சண்டை எதைப் பத்தி?

நாஸ்கார்ல மேல்மட்டத் தொடர் பேரு கப் சீரிஸ். பிப்ரவரில டேட்டோனா 500ல ஆரம்பிச்சு நவம்பர் வரைக்கும் 36 பந்தயம். ஏறக்குறைய ஒவ்வொரு வார இறுதியும் ஒரு ஊரு. 1975லேருந்து 2003 வரைக்கும் கணக்கு சிம்பிள். பாப் லாட்ஃபோர்டுங்கிறவர் போட்டுக் குடுத்த பாயிண்ட் அட்டவணை. எல்லாப் பந்தயத்துலயும் வாங்கின பாயிண்டைக் கூட்டு, யாருக்கு அதிகமோ அவர் சாம்பியன்.

இதுல ஒரு ஓட்டை இருந்தது. ஜெயிச்சவருக்கு 175, ரெண்டாவது வந்தவருக்கு 170. ஒரு சுத்தாவது முன்னாடி போனா 5 போனஸ், எல்லாரையும் விட அதிக சுத்து முன்னாடி போனா இன்னொரு 5. ஆக ஜெயிச்சவரும் 180, நிறைய சுத்து முன்னாடி ஓடி ரெண்டாவது வந்தவரும் 180. முதல் பரிசுக்கும் ரெண்டாம் பரிசுக்கும் வித்தியாசமே இல்லாம போகலாம். 1985ல பில் எலியட் 11 பந்தயம் ஜெயிச்சார். பட்டம், 3 ஜெயிச்ச டாரல் வால்ட்ரிப்புக்கு. அப்ப யாரும் விதியை மாத்தலை.

2003ல மேட் கென்செத் ஒரே ஒரு பந்தயம் ஜெயிச்சு பட்டத்தை வாங்கினார். அதுவும் கடைசிப் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே முடிவாயிடுச்சு. அதே வருஷம் 8 பந்தயம் ஜெயிச்ச ரையன் நியூமனுக்கு ஆறாவது இடம். பேச்சு எழுந்தது. புதுசா பொறுப்புக்கு வந்த தலைவர் பிரையன் ஃப்ரான்ஸ், 2004லேருந்து "சேஸ்"னு ஒரு முறையைக் கொண்டு வந்தார். 26 பந்தயம் முடிஞ்சதும் முன்னணிக்காரங்களைத் தனியாப் பிரிச்சு, அவங்க பாயிண்டைக் கிட்டக்கிட்ட வச்சு, கடைசி 10 பந்தயத்துல பட்டத்தை முடிவு பண்றது.

நோய் என்னன்னு பாருங்க: வெற்றிக்கு மதிப்பு கம்மி. மருந்து என்னவா இருக்கணும்? வெற்றிக்குப் பாயிண்டைக் கூட்டணும். 2004ல அதையும் செஞ்சாங்க, 175ஐ 180 ஆக்கினாங்க. அஞ்சே அஞ்சு பாயிண்ட். அதோட நிறுத்தாம, காலண்டரையே ரெண்டா வெட்டினாங்க. தலைவலின்னு போனவனுக்குக் காலை எடுத்த கதை.

நியூமன் கதையைக் கேளுங்க

இந்த விதிகள் என்ன செஞ்சுதுன்னு தெரியணும்னா புள்ளிவிவரம் வேண்டாம், ரையன் நியூமன் ஒருத்தரைப் பின்தொடர்ந்தா போதும். பர்டியூ பல்கலைக்கழகத்துல படிச்ச இன்ஜினியர். நம்ம ஜாதி!

2003: 8 வெற்றி, ஆறாவது இடம். இவர மாதிரி ஆளுக்கு நியாயம் கிடைக்கணும்னுதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

2013: செப்டம்பர்ல ரிச்மண்ட். சேஸ்ல யாரு உள்ள, யாரு வெளியன்னு முடிவு பண்ற 26வது பந்தயம். ஏழு சுத்து பாக்கி இருக்கும்போது நியூமன் முன்னாடி போயிக்கிட்டு இருக்கார். ஜெயிச்சா அவர் உள்ள, மார்ட்டின் ட்ரூயெக்ஸ் வெளிய. அந்த நேரம் பாத்து ட்ரூயெக்ஸோட டீம்ல இருந்த கிளின்ட் போயர் வண்டி சுழலுது, மஞ்சள் கொடி விழுது, நியூமன் வாய்ப்பு போச்சு. விசாரிச்சு, பந்தயத்தை வளைச்சதுக்காக மைக்கேல் வால்ட்ரிப் ரேசிங் டீமுக்கு 3 லட்சம் டாலர் அபராதம் போட்டாங்க. ட்ரூயெக்ஸை எடுத்துட்டு நியூமனை உள்ள விட்டாங்க. அதுவும் போதாம, பாதிக்கப்பட்டார்னு ஜெஃப் கார்டனையும் 13வது ஆளா சேர்த்தாங்க. 12 பேருக்குன்னு போட்ட விதி!

2014: விதியை மறுபடி மாத்தினாங்க. 16 பேர், மூணு பந்தயத்துக்கு ஒருதரம் நாலு பேர் வெளிய, கடைசில நாலு பேர், ஒரே பந்தயம். அந்த நாலுல யாரு முன்னாடி வர்றாங்களோ அவர் சாம்பியன். "இனிமே ஜெயிச்சாத்தான் மதிப்பு"ன்னு தம்பட்டம் அடிச்சாங்க. அந்த நாலு பேர்ல ஒருத்தர் யாரு? நம்ம நியூமன். அந்த வருஷம் அவர் ஜெயிச்ச பந்தயம் எத்தனை? பூஜ்யம். கடைசிப் பந்தயத்துல கெவின் ஹார்விக்குக்குப் பின்னாடி ரெண்டாவதா வந்தார். முன்னாடி போயிருந்தா ஒரு பந்தயம் கூட ஜெயிக்காம இருந்தவர், அந்த ஒரே வெற்றியோட சாம்பியன். கென்செத்துக்கும் ஒரே வெற்றிதானே? அதுக்காகத்தானே பத்து வருஷம் முன்னாடி வீட்டையே இடிச்சாங்க?

எட்டு வெற்றிக்கு ஆறாவது இடம், பூஜ்ய வெற்றிக்கு இறுதிப் போட்டி. நியூமன் மேல எந்தத் தப்பும் இல்லை. விதி எதைக் கேக்குதோ அதைக் குடுத்தார். விதிதான் தான் கேக்கிறது என்னன்னு தெரியாம முழிச்சுது.

அப்புறம் நடந்தது

2015: கைல் புஷ் டேட்டோனால கால் உடைஞ்சு முதல் 11 பந்தயம் ஓட்டலை. திரும்பி வந்து ஜெயிச்சு, கடைசிப் பந்தயத்தையும் ஜெயிச்சு சாம்பியன். அவர் மன உறுதிக்குப் பெரிய கும்பிடு. ஆனா 36ல 11 பந்தயம் இல்லாமலே வருஷத்தோட சாம்பியன் ஆகலாம்னா, அந்த 11 எதுக்கு?

2020: ஹார்விக் 9 பந்தயம் ஜெயிச்சார். கடைசி நாலு பேர்ல இடமே கிடைக்கலை.

2024: இது உச்சம். டேட்டோனால ஹாரிசன் பர்ட்டன் கடைசி சுத்துல ஜெயிச்சார். அருமையான வெற்றி, முதல் வெற்றி. அப்ப பாயிண்ட் பட்டியல்ல அவர் 34வது. ஆனா ஒரு பந்தயம் ஜெயிச்சாலே 16ல இடம்ங்கிற விதியால உள்ள வந்துட்டார். ஜோயி லோகானோ ரெண்டாவது சுற்றுல வெளியேறினார். அப்புறம் அலெக்ஸ் போமன் வண்டி பந்தயம் முடிஞ்சு எடை போட்டப்போ தேறலை, அதனால லோகானோ மறுபடி உள்ள. அடுத்த வாரம் லாஸ் வேகஸ்ல ஜெயிச்சார், கடைசிப் பந்தயம் ஃபீனிக்ஸ்லயும் ஜெயிச்சார், சாம்பியன். வருஷம் முழுக்க அவர் முடிச்ச இடங்களோட சராசரி 17.1. அந்த வருஷம் 6 பந்தயம் ஜெயிச்ச கைல் லார்சன் கடைசி நாலுல இல்லை.

2025: நவம்பர் 2, நம்ம நேரத்துக்கு மறுநாள் விடியற்காலை, ஃபீனிக்ஸ். டென்னி ஹாம்லின். இருபது வருஷமா முழு நேரமா ஓட்டறார், 60 வெற்றி, பட்டம் ஒண்ணு கூட இல்லை. அந்த சீசன்ல 6 வெற்றி. அன்னிக்கு 208 சுத்து முன்னாடி ஓடினார். இன்னும் மூணே மூணு சுத்து. பின்னாடி வில்லியம் பைரன் வண்டி டயர் போய் சுவத்துல இடிச்சுது. மஞ்சள் கொடி. எல்லாரும் பிட்டுக்குள்ள. ஹாம்லின் டீம் நாலு டயர் மாத்துச்சு, லார்சன் டீம் ரெண்டு டயரோட அனுப்பிடுச்சு. ரெண்டு சுத்து மறு ஓட்டம். லார்சன் மூணாவது, ஹாம்லின் ஆறாவது. பந்தயத்தை ஜெயிச்சது ரையன் பிளேனி, அவர் போட்டியிலேயே இல்லை. சாம்பியன் லார்சன். அன்னிக்கு ஒரு சுத்து கூட முன்னாடி ஓடலை. மே மாசத்துக்கு அப்புறம் ஒரு பந்தயமும் ஜெயிக்கலை.

இங்க ஒண்ணு தெளிவாச் சொல்லணும். லார்சன் திறமையில சந்தேகமே வேண்டாம். 2021ல 10 பந்தயம் ஜெயிச்சுத்தான் பட்டம் வாங்கினார். ஹாம்லினுக்குத்தான் குடுத்திருக்கணும்னும் நான் வாதாடலை. நான் கேக்கிறது வேற. பிப்ரவரிலேருந்து 35 வாரம் ரெண்டு பேரும் என்ன செஞ்சாங்கங்கிற கேள்வியே அன்னிக்கு எழலை. கேள்வி, ரெண்டு டயரா நாலு டயரா.

விடியற்காலை டிவி சத்தத்துல எழுந்து வந்த என் பையன் கொஞ்ச நேரம் பாத்துட்டுக் கேட்டான்: "அப்பா, அப்ப முன்னாடி 35 ரேஸ் எதுக்கு?" தங்கமணி உள்ளேருந்தே, "அதை அவரே இப்பத்தான் யோசிக்கிறார், நீ போய்ப் படு"ன்னா. :)

"சிஎஸ்கே ஜெயிச்சப்ப இனிச்சுதா?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும், நானே கேட்டுடறேன். 2010 ஐபிஎல். மும்பை லீக்ல 14ல 10 ஜெயிச்சு முதலிடம். நம்ம சென்னை 7 ஜெயிச்சு 7 தோத்து, ரன் ரேட்ல தப்பிச்சு உள்ள வந்தது. நவி மும்பைல ஃபைனல், அவங்க கோட்டையிலேயே 22 ரன் வித்தியாசத்துல நாம ஜெயிச்சோம். மகாராஷ்டிரால இருக்கிற தமிழன் எவனாவது அன்னிக்கு "லீக் பாயிண்ட்படி மும்பைக்குக் குடுங்க"ன்னு சொன்னானா? நான் சொல்லலைங்கோ.

ஆனா ரெண்டும் ஒண்ணில்லை. கிரிக்கெட் ஃபைனல்ல மைதானத்துல ரெண்டு டீம்தான். மும்பை தோத்தது சென்னைகிட்ட. பஞ்சாப் டீம் நடுவுல புகுந்து பந்தை எடுத்துக்கிட்டு ஓடலை. கார் பந்தயத்துல அப்படி இல்லை. பட்டத்துக்கு நாலு பேர், ட்ராக்ல 36லேருந்து 40 வண்டி. மீதி அத்தனை பேரும் தன் தன் பந்தயத்தை ஓட்டறாங்க. யாரோ ஒருத்தர் டயர் வெடிச்சா, யாரோ சுழன்றா, வருஷத்தோட தீர்ப்பு மாறுது. நாஸ்கார் தலைமை இதை "ஏழாவது ஆட்டம்"னு வர்ணிச்சுது. அமெரிக்காவுல பேஸ்பால், கூடைப்பந்து ஃபைனல் ஏழு ஆட்டம் வரைக்கும் போகும், மூணுக்கு மூணுன்னு நின்னா ஏழாவது ஆட்டம். அருமை. ஆனா அந்த ஏழாவது ஆட்டத்துக்கு முன்னாடி அதே ரெண்டு டீம் ஆறு ஆட்டம் மோதியிருக்கு. இங்க முதல் ஆறு ஆட்டம் எங்க?

இன்னொண்ணு. ஐபிஎல்ல கூட 2011லேருந்து முதல் ரெண்டு இடத்துக்கு ஒரு தோல்வி மன்னிப்பு உண்டு. லீக்ல உழைச்சதுக்குக் கூலி. நாஸ்கார் கடைசிப் பந்தயத்துல நாலு பேருக்கும் சமமா 5,000 பாயிண்ட். ஒன்பது ஜெயிச்சவனும் ஒண்ணு ஜெயிச்சவனும் ஒரே கோட்டுல. பொழுதுபோக்குன்னே சொல்லிக்கிற ஐபிஎல்லுக்கு இருக்கிற நியாயம் கூட இதுக்கு இல்லை.

கோடு போட்டா, கோட்டுல தில்லுமுல்லு

எனக்கு ரொம்ப உறுத்தறது இதுதான். வெளியேற்றக் கோடுன்னு ஒண்ணு வச்சா, அந்தக் கோட்டுப் பக்கத்துல ஒரு பாயிண்டுக்கு விலை தாறுமாறா ஏறும். 2013 ரிச்மண்ட் சொன்னேன். 2024 மார்ட்டின்ஸ்வில் அதைவிட அசிங்கம். கடைசி நாலுக்குள்ள ஒரு இடம், பைரனுக்கா கிறிஸ்டஃபர் பெல்லுக்கா. பைரன் பின்னாடி ரெண்டு செவர்லே வண்டி பக்கத்துப் பக்கத்துல அணைக்கட்டு மாதிரி போயி யாரையும் தாண்ட விடலை. இந்தப் பக்கம் டொயோட்டா ஓட்டின பப்பா வாலஸ் வேகத்தைக் குறைச்சு பெல்லுக்கு வழி விட்டார். மூணு டீமுக்கும் மூணு டிரைவருக்கும் ஆளுக்கு 1 லட்சம் டாலர் அபராதம், மொத்தம் 6 லட்சம். கூடவே டீம் ஆட்கள் சஸ்பென்ஷன்.

அவங்களை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. 36 பந்தயக் கூட்டல்ல ஒரு இடம் முன்ன பின்ன ஆனா ஒரு பாயிண்ட்தான். அதுக்காக யாரும் பக்கத்து டீம் பேரைக் கெடுத்துக்க மாட்டான். அதே ஒரு பாயிண்ட் பட்டத்தோட கதவுன்னா, கதவுக்கு ஆள் நிறுத்தத்தான் செய்வான்.

எதிர்த்தரப்பு உடனே ராஸ் சாஸ்டெயினைக் காட்டும். 2022, அதே மார்ட்டின்ஸ்வில். கடைசி சுத்துல ரெண்டு இடம் முன்னேறினாத்தான் உள்ள. மனுஷன் அஞ்சாவது கியரைப் போட்டு, வண்டியை வெளிச் சுவத்துல சாய்ச்சு, முழு வேகத்துல உரசிக்கிட்டே அஞ்சு வண்டியைத் தாண்டினார். வீடியோ கேம் மாதிரி! வெளிய போனது யாரு? ஹாம்லின்தான், பாவம். அந்த ஒரு காட்சியை நானும் இருபது தடவை பாத்திருக்கேன், இன்னும் பாப்பேன். ஆனா அடுத்த வருஷமே அதுமாதிரி செஞ்சா தண்டனைன்னு சொல்லிட்டாங்க. 2024ல பெல் சுவத்துல உரசினப்போ அதைச் சொல்லித்தான் வெளியேத்தினாங்க. நம்ம முறையோட மிகப் பெரிய சாதனைன்னு விளம்பரம் பண்ற காட்சியை, இனிமே யாரும் செய்யக்கூடாதுன்னு தடுக்க வேண்டியிருக்கு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?

"பழைய முறை தூக்கம் வருமே!"

சார்லட் நண்பரோட வாதம் இது. அவர் விவரமான ஆளு, சும்மா தள்ள முடியாது. "2003ல கடைசி வாரம் நாங்க டிவியே போடலை. செப்டம்பர் ஆனா அமெரிக்கன் ஃபுட்பால் ஆரம்பிச்சுடும், அப்புறம் எவன் கார் பந்தயம் பாப்பான்? டிவிக்காரன் காசு குடுத்தாத்தான் டீம் ஓடும்." உண்மை. வயிறு காஞ்சா நியாயம் பேச முடியாது.

ஆனா முழு வருஷக் கணக்குல பரபரப்பு வராதுங்கிறது பொய். நவம்பர் 15, 1992, அட்லாண்டா. கடைசிப் பந்தயம். கணக்குப்படி ஆறு பேருக்கு வாய்ப்பு. அதுல ஒருத்தர் ஆலன் குல்விக்கி. விஸ்கான்சின்ல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவர். பந்தயத்துக்காக ஊரை விட்டுக் கிளம்பி வட கரோலினாவுக்கு வந்தவர். தெற்கத்தி ஆளுங்க நடுவுல வடக்கேருந்து வந்த அசலூர்க்காரர். பெரிய டீம் கூப்பிட்டும் போகாம, சொந்தமா சின்ன டீம் வச்சு, தானே முதலாளி, தானே டிரைவர். ஆறு பந்தயம் பாக்கி இருக்கும்போது 278 பாயிண்ட் பின்னாடி. எல்லாரும் கைகழுவின நிலை. அங்கேருந்து ஒவ்வொரு பாயிண்டா பொறுக்கி, கடைசி நாள் பில் எலியட் பந்தயத்தை ஜெயிச்சும், குல்விக்கி ரெண்டாவது வந்து 10 பாயிண்ட்ல பட்டம். எப்படி? எலியட் முன்னாடி ஓடினது 102 சுத்து, இவர் 103. அந்த ஒரு சுத்து அதிகத்துக்குக் கிடைச்ச 5 பாயிண்ட் எலியட் பக்கம் போயிருந்தா ரெண்டு பேரும் சமம், அதிக வெற்றி இருந்ததால பட்டம் எலியட்டுக்கு. டீம்ல உக்காந்து கணக்குப் போட்டு, எத்தனை சுத்து முன்னாடி ஓடணும்னு பாத்துப் பாத்து ஓட்டின பந்தயம் அது. அடுத்த ஏப்ரல்ல விமான விபத்துல போயிட்டார்.

இந்தப் பத்து பாயிண்டுக்கு இவ்வளவு கனம் எங்கேருந்து வந்துச்சு? வருஷம் பூரா சேத்ததால வந்துச்சு. செப்டம்பர்ல எல்லாருக்கும் ரீசெட் பண்ணியிருந்தா 278 பின்னாடிங்கிற கதையே இல்லை.

எல்லா வருஷமும் 1992 ஆகாதுன்னு சொல்வாங்க. ஆகாதுதான். ஒருத்தன் மத்தவங்களை விட அவ்வளவு நல்லா ஓட்டினா ரெண்டு வாரம் முன்னாடியே முடியட்டுமே! அதுவும் செய்திதான். ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்குன்னு தனியா ஒரு வெற்றி, ஒரு கோப்பை இருக்கே, அது எங்க போச்சு? ஃபார்முலா ஒன்ல 2014ல கடைசிப் பந்தயத்துக்கு மட்டும் ரெட்டைப் பாயிண்ட்னு ஒரு கூத்து பண்ணிப் பாத்தாங்க. ஒரே வருஷத்துல தூக்கிப் போட்டுட்டாங்க. உலகம் அழியலை.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கும் ஒரு குட்டு வைக்கணும். "பழைய முறைப்படி கூட்டினா 2007 பட்டம் கார்டனுக்கு, ஜிம்மி ஜான்சன் வாங்கின ஏழும் ஏழில்லை"ன்னு கால்குலேட்டரைத் தூக்கிட்டு வர்றவங்க. அது செல்லாத வாதம். விதி வேறயா இருந்தா ஜான்சனும் வேற மாதிரி ஓட்டியிருப்பார். கடைசி பத்துதான் கணக்குன்னா புத்திசாலி டீம் கடைசி பத்துக்குத்தான் தயாராகும். ஜான்சன் செஞ்சது அதைத்தான், அதனால அவர் ஏழும் ஏழுதான். தப்பு கேள்வித்தாள்ல. விடை எழுதினவன் மார்க்கைக் குறைக்கிறது வேற அநியாயம்.

2026 மாற்றம்: பாதிக் கிணறு

2026 ஜனவரில நாஸ்கார் இறங்கி வந்தது. வெளியேற்றம் கிடையாது, ஒரு பந்தயம் ஜெயிச்சா தானா உள்ளங்கிறதும் கிடையாது, ஒரே பந்தயத்துல பட்டம்ங்கிறதும் கிடையாது. முதல் 26 பந்தயத்துல பாயிண்ட் அதிகமா வச்சிருக்கிற 16 பேர், கடைசி 10 பந்தயம், கூட்டல். பேரும் பழைய பேரே, சேஸ். அதோட ஜெயிச்சவருக்கு 40 பாயிண்ட் இருந்ததை 55 ஆக்கினாங்க. ரெண்டாவது இடத்துக்கு 35தான்.

நல்ல மாற்றம், மனசாரப் பாராட்டறேன். ஆனா நின்னு யோசிங்க. 55க்கும் 35க்கும் 20 பாயிண்ட் வித்தியாசம். 2003ல ஆரம்பிச்ச நோய், வெற்றிக்கு மதிப்பில்லைங்கிறது, இதோட தீர்ந்துடுச்சு. இருபத்திரண்டு வருஷம் கழிச்சு சரியான மாத்திரையைக் கண்டுபிடிச்சுட்டாங்க. அப்புறம் எதுக்கு 26 பந்தயம் முடிஞ்சதும் ரீசெட்? 26 வாரம் உழைச்சு 150 பாயிண்ட் முன்னாடி நின்னாலும், சேஸ் ஆரம்பிக்கும்போது முதல் ஆளுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் 25 பாயிண்ட்தான் இடைவெளி. அதாவது ஒரு மோசமான ஞாயித்துக்கிழமை. 16வது இடத்துல மறுபடி ஒரு கோடு. கோடு இருந்தா என்ன நடக்கும்னு மேலயே பாத்தோம்.

நமக்கு ஏன் இது?

ஊரை விட்டு வந்து வேலை பாக்கிற நாம எல்லாரும் இந்த ரீசெட்டை அனுபவிச்சவங்கதான். ஏப்ரல்லேருந்து டிசம்பர் வரைக்கும் ராத்திரி பகல் பாக்காம சப்போர்ட் குடுத்தவன் ஒருத்தன். பிப்ரவரில மேலிடத்து முன்னாடி ஒரு டெமோ காட்டினவன் ஒருத்தன். அப்ரைசல்ல ரேட்டிங் யாருக்குன்னு உங்களுக்கே தெரியும். நான் முன்னாடி இருந்த ஒரு ஆபீஸ்ல, பத்து மாசம் ஒரு தப்பு வராம ஓட்டின டீமுக்கு, கடைசி மாசம் ஒரு நாள் சர்வர் படுத்ததுன்னு சராசரிக்குக் கீழ போட்டாங்க. டெமோ காட்டினவன் கெட்டவன் இல்லை, அவனும் உழைச்சவன்தான். ஆனா பத்து மாசம் எங்க போச்சுன்னு கேட்டா, "அதெல்லாம் எதிர்பார்க்கப்பட்டதுதானே"ன்னு பதில்.

தினமும் வந்து, தினமும் ஒழுங்கா செஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா சேர்க்கிறதுக்குக் கைதட்டல் கிடைக்காது. டிவிலயும் நல்லா தெரியாது. பாயிண்ட் பட்டியல்னு ஒண்ணு இருக்கிறதே அந்த மாதிரி உழைப்பை யாராவது எழுதி வைக்கணும்ங்கிறதுக்காகத்தான். அதை வருஷத்துக்கு ஒருதரம் அழிக்கிற அதிகாரம் டிவி நேரத்துக்குக் கிடையாது, இருக்கக் கூடாது.

அதனால என் கோரிக்கை சுருக்கமா: 36 பந்தயம். ஜெயிச்சா 55. ரீசெட் வேண்டாம், கோடு வேண்டாம். நவம்பர்ல கூட்டிப் பாருங்க, மேல இருக்கிறவர் கையில கோப்பையைக் குடுங்க. ஒரு வருஷம் அது அக்டோபர்லயே முடிஞ்சா முடியட்டும். அந்த மாசம் நான் தூங்கிக்கிறேன், நீங்களும் தூங்குங்க.

மறுப்பு இருக்கிறவங்க பின்னூட்டத்துல வந்து மோதுங்க. "வட்டமா சுத்தறதுல என்ன இருக்கு"ங்கிறதைத் தவிர எதுக்கும் பதில் சொல்றேன்.

டிஸ்கி: 1992 அட்லாண்டா பந்தயத்தை இணையத்துல தேடிப் பாருங்க. ஜெயிச்சதும் குல்விக்கி வண்டியைத் திருப்பி, எல்லாரும் போற திசைக்கு எதிரா ஒரு சுத்து வருவார். அது அவர் ஸ்டைல். அந்த ஒரு சுத்துக்காகவே பாக்கலாம்.